புது வீட்டு மரவேலை: இருபது ஆண்டு உழைக்கும் உள்ளமைப்புக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலோ புதிதாக அடுக்ககம் வாங்கி, அலமாரி, சமையலறை, பரண் ஆகிய மரவேலைகளை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டு வேலையில், கொட்டேஷனில் ‘மரைன் ப்ளை’ என்று, அதாவது தண்ணீரைத் தாங்கும் ப்ளைவுட் பலகை என்று, எழுதிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கியது வேறு தரப் பலகை. அதைத் திருப்பி அனுப்புவதற்குப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டவையே இங்குள்ள பெரும்பாலான விஷயங்கள்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த ‘பசுமை உள்ளமைப்பு’ (இன்டீரியர்) என்ற பெயரில் இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மூங்கில் விளக்கும் சணல் திரையும்தான். ஏழெட்டு ஆண்டுகளில் பெயர்த்துக் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும் அலமாரி எந்த மரத்தில் செய்யப்பட்டிருந்தாலும் பசுமையானது அல்ல. ஆகவே கீழே உள்ள படிகள் அனைத்தும் ஒரே கணக்கின்மேல் நிற்கின்றன: சுவரோடு நிற்கும் கூட்டுக்கு (கதவுகள் போக உள்ள பெட்டிக்கு) தாராளமாகச் செலவழியுங்கள், கண்ணில் படும் முகப்பைச் சிக்கனமாகவும் பின்னாளில் எளிதாக மாற்றும்படியும் செய்யுங்கள்.

1. வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன்பே, சுவரோடு பொருத்த வேண்டியவை எவை, தனியாக வாங்கி நகர்த்திக்கொள்ளக் கூடியவை எவை என்று இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். சமையலறைக் கீழ்ப்பெட்டிகள், துணி அலமாரி, பரண் ஷட்டர் (கதவு) ஆகியவை முதல் பட்டியலுக்கு உரியவை. கட்டில், எழுதுமேசை, புத்தக அடுக்கு, தொலைக்காட்சி மேடை ஆகியவை இரண்டாவதற்கு உரியவை. தொலைக்காட்சிக்காகச் சுவர் முழுவதும் பலகை அடிப்பதும், வரவேற்பறை முழுவதற்கும் ஃபால்ஸ் சீலிங் போடுவதும் நான் பார்த்தவரையில் மிக விரைவில் பழசாகிப்போகும் செலவுகள். சீலிங் போட்டே தீர வேண்டுமென்றால், அதற்குள் பதிக்கும் எல்.இ.டி. பட்டைக்கான டிரைவரை (விளக்குக்கு ஏற்ற மின்சாரம் தரும் சிறு பெட்டியை) வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். விளக்கைவிட டிரைவர்தான் முதலில் பழுதாகிறது, அதை மாற்றுவதற்காகக் கூரையை உடைக்க நேரக்கூடாது.

கட்டுநர் போட்டுக் கொடுத்த விட்ரிஃபைடு தரை நன்றாக இருந்தால், நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பெயர்க்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஆசை இருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அது சூளையில் சுடாமல், கண்ணாடியின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் சிமெண்டுக் கல். ஆகவே மின்சாரமோ விறகோ அதிகம் தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டை வேலையாள் ஒரே ஒரு முறை அதன்மேல் ஊற்றினாலும் மெருகு போய்விடும்.

2. சுவரைச் சோதியுங்கள், கறையானைத் தடுங்கள்

ஈரச் சுவரில் சாய்த்து நிறுத்தும் அலமாரியை எந்தப் பலகையாலும் காப்பாற்ற முடியாது. அலமாரி வரவிருக்கும் சுவரில், குறிப்பாக மறுபக்கம் குளியலறை இருக்குமானால், இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அடைத்து ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பினாலோ சுவர் கருத்திருந்தாலோ, கசிவைச் சரிசெய்யும்படி முதலில் கட்டுநரிடம் எழுத்தில் கேளுங்கள். மரவேலை முடிந்தபின் கேட்டால், ஆணி அடித்ததால்தான் கசிகிறது என்ற பதில் வரும்.

கறையான் மருந்தை மரவேலை தொடங்குவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். மேல்தளத்தில் இருப்பவர்களும் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் கறையான் மின்கம்பிக் குழாய் வழியாகவும் கதவு நிலை வழியாகவும் மேலே ஏறும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான சிகிச்சை முறையை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி சொல்கிறது. பணியை ஏற்பவர் தரும் ரசீதில் மருந்தின் பெயர், துளையிட்ட இடங்கள், உத்தரவாத ஆண்டுகள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘அஞ்சு வருஷம் கேரண்டி’க்கு மதிப்பில்லை.

3. பலகையின் தரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைகளில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று மூன்று சொற்கள் உங்கள் காதில் விழும். எம்.ஆர். என்பது காற்றிலுள்ள ஈரத்தை மட்டுமே தாங்கும். அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். பி.டபிள்யூ.ஆர். ஓரளவு தண்ணீரைத் தாங்கும். படுக்கையறை அலமாரிக்குப் போதும். இவை இரண்டும் பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 தர நிர்ணயத்தின்கீழ் வருபவை. மூன்றாவதான பி.டபிள்யூ.பி. என்பதும், கடைக்காரர்கள் மரைன் என்று சொல்வதும், சமையலறைக்கு வேண்டியதும், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாதிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதும் ஐ.எஸ். 710. ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பது ஒரு தரத்தின் பெயரே அல்ல. எந்தப் பலகையையும் அப்படிச் சொல்லி விற்கலாம்.

முத்திரையில் மூன்று ஏமாற்றுகள் இருக்கின்றன. ஒன்று, பலகையில் ‘710 கிரேடு’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும், ஐ.எஸ்.ஐ. குறியே இருக்காது. இரண்டு, ஐ.எஸ்.ஓ. 9001 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைக்கும் சான்று, பலகைக்குக் கிடைப்பது அல்ல. மூன்று, ஐ.எஸ்.ஐ. குறி இருக்கும், ஆனால் அதன் கீழுள்ள சி.எம்./எல். எண் (உரிம எண்) காலாவதியானதாகவோ வேறொரு பொருளுக்கு உரியதாகவோ இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, நடப்பில் உள்ளதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடையில் நின்றுகொண்டே இதைச் செய்யுங்கள். கடைக்காரரின் பேச்சு அதன்பின் மாறுவதைக் காண்பீர்கள்.

பலகையின் ஓரத்தைப் பார்த்தும் ஓரளவு கணிக்கலாம். 710-இன் பசைக்கோடு ஃபீனால் பசையால் கருஞ்சிவப்பாக இருக்கும். யூரியா பசை வெளிறியிருக்கும். எனினும் வெளிறிய பசையில் சாயம் கலப்பவர்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். விரல் முட்டியால் பலகையை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி ஓரிடத்தில் ‘டொப்’பென்று வெறுமையாக மாறினால் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, அந்த இடத்தில் திருகாணி நிற்காது. மாதிரித் துண்டு ஒன்றைப் பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்க வைத்தால், எம்.ஆர். பலகை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அதைத் தாண்டி நின்றுவிட்டதாலேயே அது 710 ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். ‘முழுக்க கர்ஜன்’ என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். கர்ஜன் இயற்கைக் காடுகளில் வளரும் மரம். ஹரியானாவின் யமுனாநகர்ப் பக்கம் பலகைக்காக விவசாயிகள் வயலில் வளர்க்கும் யூகலிப்டஸும், கேரளத்தின் பெரும்பாவூர் ஆலைகள் பயன்படுத்தும், பால் வடித்து ஓய்ந்த ரப்பர் மரமும் மீண்டும் நட்டு எடுக்கக் கூடியவை. சரியான பசையும் அழுத்தமும் இருந்தால் இவற்றில் செய்த 710 பலகையே தாராளமாகப் போதும். காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்று உண்டு என்றால் அந்தச் சான்று எண் உங்கள் பில்லில் வர வேண்டும். விளம்பரத் தாளில் மரச் சின்னம் இருந்தால் போதாது. பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவின் வெளியீட்டுக்கு ‘இ1’ அல்லது ‘இ0’ என்ற குறியைக் கேளுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் தூங்கும் அறைக்கு.

மரத்தூளையும் மரநாரையும் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: சிங்க்கின் கீழ் ஒருபோதும் வேண்டாம், கீல் பொருத்தும் இடத்திலும் வேண்டாம், ஒருமுறை திருகாணி தளர்ந்த துளை மறுபடி பிடிக்காது.

4. சமையலறைக்குக் கடப்பா கல்லை யோசியுங்கள்

நம் ஊர்ப் பழைய சமையலறைகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தியும் படுக்கவைத்தும் அடுக்கு கட்டியிருப்பார்கள். அது இன்றும் கிடைக்கிறது, இன்றும் கறையான் அதைத் தின்பதில்லை. கூட்டைக் கல்லில் கட்டிக்கொண்டு, முன்பக்கம் மட்டும் மரச் சட்டமும் 710 பலகை ஷட்டரும் பொருத்தினால், மரத்தின் தேவை பாதிக்குமேல் குறையும். 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆனதுபோல் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் கழுவித் துடைத்துவிட்டுப் புழங்கலாம். இழுப்பறைகள் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, ஏனெனில் கல்லில் சேனல் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்) பொருத்துவது கடினம். அவர்கள் இழுப்பறைப் பகுதியை மட்டும் பலகையில் செய்துகொண்டு, சிங்க்கின் கீழும் சிலிண்டர் வைக்கும் இடத்திலும் கல்லையே வைத்துக்கொள்ளலாம். பல இன்டீரியர் நிறுவனங்கள் இதை விரும்பமாட்டா. தொழிற்சாலையில் செய்த பெட்டிகளை விற்பதில்தான் அவர்களுக்கு லாபம். கல் வேலைக்கு உள்ளூர் மேஸ்திரியைத் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள்.

5. கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள்

‘சதுர அடி 1,500 ரூபாய்’ என்ற ஒற்றை வரி கொட்டேஷனில் எதை அளந்து 1,500 என்பது இருக்காது. சிலர் முகப்பளவை மட்டும் அளப்பார்கள், சிலர் உள் தட்டுகளையும் சேர்த்து அளப்பார்கள். முன்னவரின் விலை அதிகமாகத் தோன்றினாலும் கடைசியில் பின்னவரின் பில்தான் பெரிதாக இருக்கும். அளவு முறையை எழுத்தில் வாங்காமல் இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனப் பெயர், ஐ.எஸ். எண், தடிமன் ஆகியவை இருக்க வேண்டும். கூட்டுக்கு 18 மி.மீ., பின்பலகைக்கு 6 மி.மீ., வெளி லேமினேட் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தாள்) 1 மி.மீ., உட்புறம் 0.7 அல்லது 0.8 மி.மீ. என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஷட்டரின் உட்புறத்தில் லேமினேட் ஒட்டாமல் பெயிண்ட் அடித்து விடுவது செலவைக் குறைக்கும் பழக்கமான வழி. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஷட்டர் அடுத்த கோடைக்குள் வில்லாக வளைந்துவிடும். ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். பரண், கைப்பிடி, பொருள் ஏற்றும் கூலி, இடிபாடு அகற்றுதல், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆகியவை விலையில் அடங்குமா என்பதற்கும் ஒவ்வொரு வரி வேண்டும்.

தரத்தைக் கூட்டினால் எவ்வளவு கூடும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஏழடி உயரம், ஏழடி அகலம், இரண்டடி ஆழமுள்ள மூன்று கதவு அலமாரிக்குப் பக்கங்கள், தட்டுகள், ஷட்டர், இழுப்பறை எல்லாம் சேர்த்து எட்டுக்கு நாலு அளவில் 18 மி.மீ. பலகைகள் ஏறக்குறைய ஏழு வேண்டும். அதாவது 224 சதுர அடி. பி.டபிள்யூ.ஆருக்கும் 710-க்கும் சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் கூடும் தொகை சுமார் 9,000 ரூபாய். முகப்பளவு 49 சதுர அடிக்கு 1,500 வீதம் அலமாரியின் மொத்த விலை 73,500 ரூபாய். உயர்ரகப் பளபளப்பு முகப்புக்காக இதைவிட அதிகமாகக் கேட்பார்கள். அந்தப் பணத்தைப் பலகைக்குத் திருப்புங்கள்.

வடிவமைப்பைப் பலகையின் அளவுக்கு ஏற்ப அமைத்தாலும் பணமும் மரமும் மிஞ்சும். நாலடி அகலப் பலகையை நடுவே அறுத்தால், ரம்பம் தின்பது போக இரண்டு துண்டும் 23¾ அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஆழத்தை 23¾ என்று வைத்தால் ஒரு பலகையில் இரண்டு பக்கங்கள் கிடைக்கும். 25 அங்குலம் என்று வரைந்துவிட்டால் ஒவ்வொரு பலகையிலும் பாதிக்கு நெருக்கமாகத் துண்டாகிக் குப்பைக்குப் போகும். வெட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

6. பலகை இறங்கும்போது வீட்டில் இருங்கள்

விடுப்பு எடுக்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அதை இந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலகையின் முத்திரையையும் கைப்பேசியில் படம் எடுங்கள். அறுத்தபின் முத்திரை எந்தத் துண்டில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பலகைக் கடையின் ஜி.எஸ்.டி. பில்லில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறதா, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். எனக்கு நேர்ந்ததுபோல் தரம் மாறி வந்தால், ஒரு பலகையைக்கூட அறுக்க விடாமல், படங்களுடன் அப்போதே வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ‘மேஸ்திரி நாளைக்கு மாத்திடுவாரு சார், இன்னைக்கு வேலை நடக்கட்டும்’ என்பார்கள். நடக்க விடாதீர்கள்.

7. வேலையின்போது கவனிக்க வேண்டியவை

ஆசாரி பசையில் தண்ணீர் கலக்கிறாரா என்று பாருங்கள். பரப்புவது எளிது என்பதற்காகச் செய்வார்கள், பிடிப்புப் போய்விடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நீர் தாங்கும் பசை வேறு, சாதாரணப் பசை வேறு. லேமினேட் ஒட்டிய ஷட்டர்களைச் சமதளத்தில் அடுக்கி, மேலே பாரம் வைத்து ஓர் இரவாவது விட வேண்டும். அறுத்த ஓரங்கள் அனைத்தும், சுவர்ப்பக்கம் திரும்பும் ஓரம் உட்பட, பட்டை ஒட்டியோ வார்னிஷ் பூசியோ அடைக்கப்பட வேண்டும். ஈரம் முகத்தின் வழியாக நுழைவதில்லை, ஓரத்தின் வழியாகத்தான் நுழைகிறது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குலம் காற்றோட்டமும், கூட்டின் அடியில் பி.வி.சி. கால்களோ கல் மேடையோ இருக்கட்டும்.

ஆணி அடித்து இணைக்காமல் திருகாணி போடச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து ஷட்டரை மட்டும் கழற்றிப் புது லேமினேட் ஒட்டுவது அப்போதுதான் சாத்தியம். கதவுக்கு 35 மி.மீ. துளையில் உட்காரும் வழக்கமான ஆட்டோ ஹிஞ்ச்சையே கேளுங்கள். எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் இன்னொருவருடையது அதே துளையில் உட்காரும். கடற்காற்று வீசும் ஊர்களில் 304 தரத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சொல்லி விற்பார்கள், ஆனால் மலிவான 202-உம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் எஃகுக் கடைகளில் இருக்கும். ஒரு சொட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.



8. காலத்தையும் பணத்தையும் திட்டமிடுங்கள்

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 30 நாள் என்று வாக்களிப்பார்கள்; 60 நாள் என்று வைத்துக்கொண்டு வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியை முடிவுசெய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாலிஷ் வேலையைத் தவிர்ப்பது நல்லது, ஈரக்காற்றில் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். தையில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பது வசதி. வேலை முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவைத்துப் பசை வாடை போனபின் குடிபுகுங்கள்; பால் காய்ச்சும் நாளையும் அதற்கேற்பக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுக்ககச் சங்கத்தின் அனுமதிக் கடிதம், திரும்பக் கிடைக்கும் முன்பணம், வேலை செய்யலாம் என அனுமதிக்கும் நேரம் ஆகியவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகல் ஓய்வு நேரமும் துளையிடத் தடை என்றால் வாரத்தில் ஒன்றரை நாள் குறைந்துபோகும். இடிபாட்டைத் தெரு ஓரம் கொட்டினால் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். சென்னை மாநகராட்சியில் 1913 என்ற எண்ணில் கேட்டு, எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தைக் கட்டங்களாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தின்போது 10 விழுக்காடு, பலகை சரிபார்த்து இறக்கியபின் 40, கூடு நின்றபின் 30, முடித்து ஒப்படைக்கும்போது 15 என்று பிரித்து, மீதி 5 விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். கடைசி வரிக்கு முகம் சுளிப்பார்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் போவதைவிட, முகம் சுளித்துக்கொண்டே கையெழுத்திடுபவரிடம் போவது மேல்.

9. ஒரு கோப்பில் சேர்க்க வேண்டியவை

கட்டுநரிடமிருந்து குழாய், மின்கம்பி வரைபடம். இது இல்லாமல் சுவரில் துளையிட விடாதீர்கள். அளவு முறையோடு கையெழுத்திட்ட கொட்டேஷன், கறையான் மருந்து ரசீது, பலகை, லேமினேட், கீல் ஆகியவற்றின் பில்களும் உத்தரவாத அட்டைகளும், முத்திரைப் படங்கள், பணம் செலுத்திய வங்கிப் பதிவுகள். ரொக்கமாகக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார்கள், ஆனால் பில் இல்லாத பலகைக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் செல்லாது. இவற்றோடு பயன்படுத்திய லேமினேட்டில் ஒரு முழுத் தாளை எடுத்துப் பரணில் வையுங்கள். அந்த நிறத்தை இரண்டு ஆண்டுகளில் நிறுத்திவிடுவார்கள்.

ஒப்பந்தக்காரர் குறையைச் சரிசெய்ய மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாகவே மனு செய்யலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும் என்பதால், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தக்காரர் நாள் கடத்தும்போதெல்லாம் அந்தத் தேதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.